மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகள். இருவரும் மூன்றாம் ஆண்டு. பையன் பக்கத்தை எடுத்தால் கடகடவென்று வாசித்து முடித்துவிடுவான். "இதுல என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டால் முழிப்பான். பெண் ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று எழுத்துக் கூட்டுவாள். ஆனால் அதே கதையை ஆசிரியர் வாசித்துக் காட்டினால், நரிக்கு ஒரு குரல், காக்கைக்கு ஒரு குரல் என்று அப்படியே திருப்பிச் சொல்வாள். தேர்வில் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே புள்ளி. வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்ற பட்டியலில் இருவர் பெயரும் அடுத்தடுத்து இருக்கும்.

பள்ளி விடுமுறை வந்ததும் சிரம்பானில், ரந்தாவில், லாபுவில் அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: "மூணாம் ஆண்டுக்கு ஒரு கதைப் புத்தகம் குடுங்க." கடைக்காரரும் அட்டையில் 'ஆண்டு 3' என்று அச்சடித்ததை எடுத்துக் கொடுக்கிறார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே புத்தகம் போய்ச் சேர்கிறது. பையனுக்கு அது பத்து நிமிட வேலை. ஒன்றும் மனத்தில் நிற்காது. பெண்ணுக்கு அது இரண்டாம் பக்கத்திலேயே அழுகை. ஒரே புள்ளி வாங்கிய இருவருக்கு ஒரே புத்தகம் ஏன் உதவவில்லை? இந்தக் கேள்விக்கு வாசிப்பு பற்றிய அறிவியலில் நல்ல விடை இருக்கிறது. அந்த விடையைத் தெரிந்துகொண்டால் புத்தகம் தேர்ந்தெடுப்பது பெரிதும் எளிதாகிவிடும்.

இதைப் பெற்றோரின் சொந்தக் குறையாக யாரும் நினைக்க வேண்டாம். 2019இல் தென்கிழக்காசிய நாடுகள் ஆறில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. தொடக்கப்பள்ளி முடிவில் எதிர்பார்க்கப்படும் வாசிப்புத் திறனை எட்டியிருந்தவர்கள் மலேசியாவில் 58 விழுக்காடு. அதாவது பத்தில் நான்கு பிள்ளைகள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. தமிழ்ப்பள்ளி, தேசியப்பள்ளி என்ற பேதமின்றி இது எல்லா வீட்டுக் கவலை.

முதலில், வாசிக்கும்போது என்ன நடக்கிறது? நம் கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவித்தான் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் கண் மருத்துவர் எமில் ஜவாலும் அவரோடு இருந்தவர்களும் இதைக் கவனித்தார்கள். இந்தத் தாவலை விழித்தாவல் என்று சொல்லலாம். தேர்ந்த வாசகரின் கண் ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் விநாடி நிற்கும். அந்த நேரத்துக்குள் சொல்லைப் பற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். இப்போது கண்ணின் அசைவைக் கருவிகள் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை பதிவு செய்கின்றன. புதிதாக வாசிக்கும் பிள்ளையின் பதிவைப் பார்த்தால், கண் அதிக இடங்களில் நிற்கிறது, அதிக நேரம் நிற்கிறது, அடிக்கடி வந்த வழியே திரும்பிப் போகிறது. எழுத்தைச் சொல்லாக்கும் வேலைக்கே முழுக் கவனமும் செலவாகிறது.

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பால்மரம் வெட்டிப் பழகாதவர் கையில் கத்தியைக் கொடுத்தால் அவர் கண் பட்டையை விட்டு நகராது. ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகச் சீவினால் பால் இறங்காது. அந்தப் பயத்திலேயே ஒரு மரத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். முப்பது ஆண்டு வெட்டிய பாட்டிக்குக் கை தானாக ஓடும். அடுத்த நிரையில் இருப்பவரோடு குடும்பக் கதை பேசிக்கொண்டே வெட்டிவிட்டுப் போவார். வாசிப்பிலும் எழுத்துக் கூட்டும் வேலை கைப்பழக்கம்போல் தானாக நடந்தால்தான் மனம் கதைக்குத் திரும்ப முடியும். ஆய்வாளர்கள் லபெர்ஜும் சாமுவேல்ஸும் 1974இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். இதற்குத் தன்னியக்கம் என்று பெயர்.

ஆனால் தன்னியக்கம் மட்டும் போதாது என்பதற்கு நம் பையனே சாட்சி. 1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் ஓர் எளிய கருத்தை முன்வைத்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்வதற்கு இரண்டு திறன் வேண்டும். ஒன்று, எழுத்தைச் சொல்லாக்குவது, எழுத்துக்கூட்டல். மற்றது, அந்த மொழியைக் காதால் கேட்டாலே புரிந்துகொள்வது, கேட்டுணர்தல். இவை இரண்டும் கூட்டல் கணக்கில் சேர்வதில்லை, பெருக்கல் கணக்கில் சேர்கின்றன. ஒன்று சுழியமானால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சுழியம்தான். பெண்ணிடம் கேட்டுணர்தல் நிறைய, எழுத்துக்கூட்டல் குறைவு. பையனிடம் நேர்மாறு. பெருக்கிப் பார்த்தால் இருவருக்கும் ஒரே விடை. தேர்வுப் புள்ளி அந்த விடையை மட்டும் காட்டுகிறது. எது குறைந்தது என்று காட்டுவதில்லை.

அதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பள்ளிப் பாடநூலிலிருந்து பிள்ளை இன்னும் படிக்காத பக்கங்கள் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றைப் பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். மற்றதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அதையும் சொல்லச் சொல்லுங்கள். வாசித்தபோது தடுமாறி, கேட்டபோது நன்றாகச் சொன்னால் சிக்கல் எழுத்தில். சரளமாக வாசித்தும் சொல்ல முடியாமல், கேட்டும் சொல்ல முடியாமல் போனால் சிக்கல் மொழியில் அல்லது அந்த விஷயம் பற்றிய அறிவில். பெரும்பாலான பிள்ளைகளிடம் இரண்டும் கலந்திருக்கும். அப்போதும் எது கூடுதல் என்று தெரிந்துவிடும். ஆசிரியர்கள் குறைநீக்கல் வகுப்பில் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். வீட்டில் செய்யும்போது இது தேர்வு என்ற முகத்தை மட்டும் காட்டாதீர்கள்.

எழுத்தில் சிக்கல் உள்ள பிள்ளையை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ் எழுத்து எளிது, எழுதியபடியே படிக்கலாம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் கற்றுத் தேர எடுக்கும் காலம் குறைவல்ல. ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் 26 எழுத்து. தமிழ் நெடுங்கணக்கில் 247. நம்மைப் போலவே உயிர்மெய் எழுத்துள்ள கன்னடத்தில் பிள்ளைகள் எழுத்தைக் கற்கும் வேகத்தை சோனாலி நாக் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். எழுத்துகளை முழுமையாகக் கற்பது முதலாம் வகுப்போடு முடியவில்லை. நான்காம் வகுப்பு வரைகூட நீண்டது. சிரம்பான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை மூன்று மொழிகளை இரண்டு எழுத்து முறைகளில் கற்கிறது. மலாய்ப் புத்தகத்தை ஓரளவு வாசிக்கும் பிள்ளை தமிழில் தடுமாறினால் சோம்பல் என்று திட்ட வேண்டாம். ஏற வேண்டிய மலையே உயரமானது.

எங்கே தடுமாறுகிறது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். கெ, கே, கை ஆகியவற்றில் உயிரின் குறி மெய்க்கு இடப்பக்கம் நிற்கிறது. ஒலிப்பதோ மெய்க்குப் பிறகு. கொ, கோ என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. கண் ஒரு வரிசையில் பார்க்கிறது, வாய் வேறு வரிசையில் சொல்ல வேண்டும். இந்தி எழுத்திலும் இப்படி இடப்பக்கம் நிற்கும் இகரக் குறி உண்டு. அந்தக் குறி உள்ள சொற்களை வாசிக்கத் தேர்ந்தவர்களுக்கே சற்றுக் கூடுதல் நேரம் ஆவதை ஜ்யோத்ஸ்னா வைத், அஷும் குப்தா இருவரின் 2002ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சிரமம் இருக்கும்!

இன்னொரு சிக்கல், சொல்லின் நீளம். 'சென்றுகொண்டிருந்தார்கள்' என்பது ஒரே சொல். அதில் பன்னிரண்டு எழுத்து. கூட்டி முடிப்பதற்குள் முன்பாதி மறந்துவிடும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால் சுமை இன்னும் கூடுகிறது. யார், யாரை, எங்கே, எதற்காக என்று எல்லாவற்றையும் மனத்தில் ஏந்திக்கொண்டு கடைசிச் சொல் வரை போக வேண்டும். நடப்பு நினைவு அதிகம் தாங்காது. சில விநாடிகளில் பழையது உதிரத் தொடங்கும். வேகமாக வாசிப்பவருக்கு நீண்ட வாக்கியம் ஒரு பொருட்டல்ல. மெதுவாக வாசிக்கும் பிள்ளை வினைமுற்றை எட்டும்போது எழுவாய் போயிருக்கும். ஆகவே இந்தப் பிள்ளைக்குப் புத்தகம் எடுக்கும்போது அட்டையைப் பார்க்காதீர்கள். நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து வாக்கியத்தின் நீளத்தைப் பாருங்கள். நான்கைந்து சொல்லில் முற்றுப்புள்ளி வருகிறதா? உரையாடல் நிறைய இருக்கிறதா? வரிகளுக்கு இடையே வெளிச்சம் இருக்கிறதா? எழுத்துகளுக்கு இடையே கூடுதல் இடம் விட்டு அச்சிட்டபோது, டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகள் பயிற்சி எதுவும் இன்றியே வேகமாகவும் பிழை குறைவாகவும் வாசித்தார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நெருக்கி அச்சடித்த மலிவுப் பதிப்பு இந்தப் பிள்ளைகளுக்கு மலிவல்ல.

அதைவிட முக்கியம், ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது. இது ஏன் என்பதற்கு இஸ்ரேலைச் சேர்ந்த டேவிட் ஷேர் கொடுத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளை அறியும் ஆயிரக்கணக்கான சொற்களின் எழுத்துருவை எந்த ஆசிரியரும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. பிறகு எப்படி வருகிறது? ஒரு புதுச் சொல்லை எழுத்துக் கூட்டிச் சரியாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் பிள்ளை தனக்குத் தானே ஆசிரியராகிறது என்றார் அவர். இதைத் தன்வழிக் கற்றல் எனலாம்.

இதைச் சோதித்த விதம் அழகானது. எபிரேய மொழியில் ஒரே ஒலிக்குச் சில இடங்களில் இரண்டு எழுத்து உண்டு. ஆகவே ஒரு சொல்லை ஒலி மாறாமல் இரண்டு விதமாக எழுதலாம். ஷேர் இல்லாத ஊர்களுக்குப் புதுப் பெயர் வைத்துக் குட்டிக் கதைகள் எழுதினார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் யார் உதவியும் இல்லாமல் அவற்றை வாசித்தார்கள். ஒவ்வொரு கதையிலும் அந்தப் பெயர் நான்கு அல்லது ஆறு முறை வந்தது. மூன்று நாள் கழித்து இரண்டு எழுத்துருவையும் காட்டி எது கதையில் வந்தது என்று கேட்டார். பிள்ளைகள் பெரும்பாலும் சரியானதைக் காட்டினார்கள். ஒலி ஒன்றே என்பதால் காதை வைத்து அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. கண்ணில் பதிந்திருந்தால்தான் முடியும். சொல்லை உச்சரிக்க விடாமல், கண நேரம் மட்டும் காட்டியபோது பதிவு வெகுவாகக் குறைந்தது. ஆக, வாயால் கூட்டிச் சொல்லும் அந்த உழைப்புதான் சொல்லைக் கண்ணில் பதிக்கிறது. 1999இல் வெளிவந்த இந்த ஆய்வைத் தமிழுக்குப் பொருத்திப் பார்க்கலாம். பேச்சில் மலையும் மழையும் பலர் வாயில் ஒன்றாகிவிட்டன. லகரமும் ழகரமும் பிள்ளைக்குக் காதால் வரப்போவதில்லை, கண்ணால்தான் வர வேண்டும்.

தன்வழிக் கற்றலுக்கு இன்னொரு துணையும் வேண்டும்: அந்தச் சொல் ஏற்கெனவே காதுக்குப் பழகியிருக்க வேண்டும். ககரம் 'கடல்' என்பதில் ஒரு ஒலி, 'தங்கம்' என்பதில் ஒரு ஒலி, 'பகல்' என்பதில் வேறொரு ஒலி. 'தங்கம்' என்று கேட்டுப் பழகிய பிள்ளை முதலில் வல்லோசையில் தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்திக்கொள்ளும். கேட்டே இராத சொல்லானால் எதை வைத்துத் திருத்தும்? இங்கேதான் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு தடை எதிர்ப்படுகிறது.

வீட்டில் நாம் பேசுவது "அவுங்க வூட்டுக்குப் போனாங்க." புத்தகத்தில் இருப்பது, 'அவர்கள் இல்லத்திற்குச் சென்றனர்.' மூன்று சொல்லில் ஒன்றுகூடப் பிள்ளை அறிந்த உருவத்தில் இல்லை. பேச்சும் எழுத்தும் இப்படி விலகி நிற்கும் நிலையை மொழியியலார் இரட்டை வழக்கு என்பார்கள். அரபு மொழிக்கும் இதே நிலை. ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீனா ஃபைடெல்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும் என்பேன். பாலர் பள்ளி வயது அரபுப் பிள்ளைகளுக்கு ஐந்து மாதம் தினமும் எழுத்து வழக்கிலேயே கதைகளை வாசித்துக் காட்டினார்கள். எழுத்து வழக்கு இவ்வளவு சின்ன வயதில் புரியாது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஐந்து மாத முடிவில் அந்தப் பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் மற்றவர்களை முந்தினார்கள். படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னபோதும் அவர்களுடைய மொழி வளமாக இருந்தது. படிக்கத் தெரிவதற்கு முன்பே எழுத்து மொழி காது வழியே உள்ளே போயிருந்தது.

ஆகவே நம் பையனுக்கு, கடகடவென்று வாசித்துப் புரியாமல் நிற்கும் பிள்ளைக்கு, வேண்டியது இன்னும் எளிய புத்தகம் அல்ல. அவனுக்கு ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும், அதுவும் அவன் தானாக வாசிப்பதைவிட ஒரு படி கடினமான புத்தகத்தை. வாசிப்பவர் கதையைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றாமல் எழுதியபடியே வாசிக்கட்டும். புரியாத இடத்தில் நிறுத்திப் பேச்சில் விளக்கிவிட்டு மறுபடி எழுத்துக்கு வரட்டும்.

வாசித்துக் காட்ட யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி தோட்டத்து வீடுகளில் லேசானதல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டம் இருந்தும் பாதியில் பள்ளியை விட்டு வெளிக்காட்டுக்குப் போனவர்கள் ஏராளம். பின்வந்த தலைமுறையில் பலர் தேசியப்பள்ளியில் படித்ததால் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. அப்படிப்பட்ட அம்மாவும் இந்த வேலையில் பாதியைச் செய்யலாம். பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லி உட்கார்ந்து கேட்டால் போதும். கேட்பதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. மற்றப் பாதிக்கு அக்காவோ தாத்தாவோ பக்கத்து வீட்டு இடைநிலைப்பள்ளி மாணவியோ உதவலாம். ஆசிரியர் தம் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் கதையைக் கேட்டுக்கொண்டே புத்தகத்தில் விரல் வைத்துப் போவதும் நல்லதுதான்.

கேட்டுணர்தலில் சொல்வளம் ஒரு பகுதி. உலக அறிவு மறுபகுதி. இதற்கு டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகிய இருவர் 1988இல் அமெரிக்காவில் செய்த ஆய்வைத் தாண்டிய சான்று கிடைப்பது அரிது. ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேர். அவர்களில் நன்றாக வாசிப்பவரும் உண்டு, மோசமாக வாசிப்பவரும் உண்டு. இரு பக்கத்திலும் பேஸ்பால் ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரித்தார்கள். ஓர் ஆட்டத்தின் வர்ணனையை வாசிக்கக் கொடுத்து, சிறு மாதிரி மைதானத்தில் பொம்மை ஆட்டக்காரர்களை நகர்த்தி நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். ஆட்டம் தெரிந்த மோசமான வாசகர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். மோசமான வாசகர் என்ற முத்திரை அந்த நேரத்தில் காணாமல் போனது.

இதைப் படித்ததும் எனக்குச் செம்பனைக் காட்டுப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். காட்டுக்குள் கம்பத்தின் மேல் மரப்பெட்டி எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும். எலி பிடிக்கும் ஆந்தைக்கு அது வீடு. உடும்பு எங்கே ஒளியும், குலை எப்போது பழுக்கும், உறுமி எந்தத் தோலில் செய்வது என்று நகரத்துப் பிள்ளைக்குத் தெரியாத எத்தனையோ தெரியும். ஆந்தை பற்றிய ஒரு தகவல் புத்தகத்தை அந்தப் பிள்ளை தன் ஆண்டு நிலைக்கு மேலேயே வாசித்துவிடும். இளவரசனும் பனிமலையும் வரும் கதையில் அதே பிள்ளை தடுமாறும். எனவே பிள்ளைக்குத் தெரிந்த விஷயத்தில் தொடங்கி, அதே விஷயத்தில் இரண்டு மூன்று புத்தகம் சேர்த்துக் கொடுங்கள். ஆந்தை, பிறகு வௌவால், பிறகு இரவில் நடமாடும் மற்ற உயிர்கள். முதல் புத்தகத்தில் வந்த சொல் இரண்டாவதில் மறுபடி வரும், ஷேர் சொன்ன திரும்ப வருதலும் தானாக நடக்கும். ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் நான்கு வயதுக் குழந்தையின் புத்தகத்தைக் கொடுத்து அவமானப்படுத்தாமல் எளிய வாசிப்பைக் கொடுக்க இதுவே நல்ல வழி.

ஒரு புத்தகம் கடினமா எளிதா என்பதற்கு எண் கணக்கு ஒன்று பள்ளிகளில் புழங்குகிறது. பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரல் மடக்கு, ஐந்து விரலும் மடங்கினால் புத்தகத்தை வைத்துவிடு. இப்படிப்பட்ட கணக்குகளுக்கு மூலம் எம்மெட் பெட்ஸ் 1946இல் எழுதிய நூல். தனியாக வாசிக்க நூற்றில் 99 சொல் சரியாக வர வேண்டும், ஆசிரியர் துணையோடு என்றால் 95 என்றார். இந்த எண்கள் நின்ற அடித்தளத்தைத் தேடிப் போனால் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 41 பேரிடம் செய்த ஒரு சிறிய ஆய்வு கிடைக்கிறது. எண்பது ஆண்டு நம்பிக்கைக்கு அது மெல்லிய தாங்கல். ஆனால் எண்ணின் திசை தப்பல்ல. நியூசிலாந்தில் மார்செலா ஹூ, பால் நேஷன் இருவரும் 2000இல், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற பெரியவர்களிடம் ஒரு கதையைக் கொடுத்தார்கள். சொற்களில் ஒரு பங்கை அர்த்தமில்லாத சொல்லாக மாற்றியிருந்தார்கள். நூற்றுக்கு 80 சொல் தெரிந்தவர்களில் ஒருவருக்கும் கதை போதிய அளவு புரியவில்லை. 95 தெரிந்தவர்களிலும் சிலருக்கே புரிந்தது. துணையின்றி வாசிக்க 98 வேண்டும் என்று கணித்தார்கள்.

தமிழில் இந்த விரல் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. 'மரங்களிலிருந்து' என்ற சொல் பிள்ளைக்குத் தெரிந்ததா, தெரியாததா? மரம் தெரியும், சொல் நீளமாகிவிட்டதால் திணறுகிறது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது நமக்கு ஒரே சொல். ஆகவே நான் விரலை விட்டுவிட்டு, வாயைக் கேட்கச் சொல்வேன். ஒரு பக்கம் வாசித்து முடித்துப் பிள்ளை கதையைத் தன் மொழியில் சொல்லிவிட்டால் அந்தப் புத்தகம் தனியாக வாசிக்கத் தக்கது, ஐந்து இடத்தில் நின்றிருந்தாலும் சரி. சொல்ல முடியவில்லை என்றால் அது நல்ல புத்தகமாகவே இருக்கலாம், வாசித்துக் காட்டும் அடுக்குக்குப் போகட்டும். வீட்டில் இரண்டு அடுக்கு இருப்பது நல்லது.

எந்தப் புத்தகம் என்ற தேர்வு யாருடையது? ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் குழுவினர் ஃபுளோரிடாவில் ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் 17 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தி 2010இல் வெளியிட்டார்கள். குலுக்கலில் தேர்வான பிள்ளைகள் மூன்று கோடை விடுமுறைகளிலும் தலைக்குப் பன்னிரண்டு புத்தகம் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டு முடிவில் புத்தகம் பெறாதவர்களைவிட அவர்களுடைய வாசிப்பு சிறிதளவு, ஆனால் தெளிவாகவே, முன்னேறியிருந்தது. பிள்ளைகள் அதிகம் விரும்பி எடுத்தவற்றில் முன்னணியில் இருந்தது பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் வாழ்க்கைக் கதை. எந்தப் பரிந்துரைப் பட்டியலிலும் அது இருந்திருக்காது. நம் வீட்டில் அது கால்பந்து வீரராகவோ ரஜினியாகவோ படக்கதையாகவோ இருக்கலாம். எடுக்கட்டும்.

ஆனால் ஜேம்ஸ் கிம், தாமஸ் வைட் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஓர் எச்சரிக்கை தருகிறது. புத்தகத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளுக்கும் எதுவும் பெறாத பிள்ளைகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. நிலைக்கேற்ற புத்தகத்தோடு, வீட்டாரிடம் சத்தமாக வாசித்துக் காட்டவும் புரிந்ததைச் சரிபார்க்கவும் ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்தபோது முன்னேற்றம் வந்தது. பிகாரில் 2008 ஜூன் மாத விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே, பிரதம் என்ற தொண்டு அமைப்பின் துணையோடு, பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஒரு மாத முகாம் நடத்தினார்கள். வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டுப் பிள்ளை நிற்கும் நிலையிலிருந்து தொடங்கினார்கள். ஒரே மாதத்தில் வாசிப்பு உயர்ந்தது. அதே மாநிலத்தில் பள்ளிகளுக்குப் பொருள்களை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. இரண்டு ஆய்வும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: புத்தகத்தோடு ஒரு மனிதரின் நேரமும் வேண்டும். அடுக்கைப் பெரியவர் அமைக்கட்டும், அடுக்கிலிருந்து பிள்ளை எடுக்கட்டும், வாசித்ததை யாராவது கேட்கட்டும்.

விடுமுறையில் படிக்காவிட்டால் கற்றதெல்லாம் போய்விடும் என்ற பயமுறுத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அமெரிக்காவின் நீண்ட கோடை விடுமுறையிலிருந்து வந்த பேச்சு. பால்டிமோரில் 1982இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த ஏறத்தாழ 800 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, ஏழைப் பிள்ளைகள் கோடையில்தான் பின்தங்குகிறார்கள் என்று சொல்லிப் புகழ்பெற்றது. 2019இல் பால் வான் ஹிப்பெல் அந்தத் தரவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். விடுமுறைக்கு முன் எழுதிய தாள் ஒன்று, புது வகுப்பில் எழுதிய தாள் வேறு; மதிப்பெண் அளவுகோலிலும் கோளாறு இருந்தது. நல்ல அளவுகோலில் பார்த்தபோது அந்தப் பெரிய இடைவெளி நிலைக்கவில்லை. விடுமுறையில் கற்றல் மெதுவாகும் என்பது உறுதி. கற்றது கொட்டிப்போகும் என்பது உறுதியில்லை. நம் ஆண்டிறுதி விடுமுறைக்கு அந்தப் பயம் தேவையே இல்லை. பின்தங்கிய பிள்ளைக்கு அது, வகுப்பு ஓடிக்கொண்டிராத நாள்கள். அவளுடைய வேகத்தில் அவள் எட்டிப் பிடிக்கக் கிடைத்த காலம்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? பணம் இல்லாத வீட்டுக்கு முதலில் சொல்வது பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம். தமிழில் ஏராளமான படக்கதைகளும் அறிவியல் கதைகளும் இலவசம். தரவிறக்கி அச்சடித்துக்கொள்ளவும் உரிமை உண்டு. நான்கு படிநிலை போட்டிருக்கிறார்கள். முதல் படியில் ஒரு கதைக்கு 250 சொல்லுக்கும் குறைவு, எளிய சொல் திரும்பத் திரும்ப வரும். சென்னையின் தூலிகா, தேசிய புத்தக நிறுவனம் இவற்றின் படக்கதைகள் கிடைத்தால் வாங்கலாம். சிரம்பான் பொது நூலகத்துக்குப் பிள்ளையை நேரில் அழைத்துப் போங்கள். தமிழ்ப் புத்தகம் குறைவென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் கேட்டு எழுதுங்கள். மலாய், ஆங்கிலப் புத்தகம் எடுத்தாலும் தடுக்க வேண்டாம். ஆந்தையைப் பற்றி மலாயில் அறிந்தது தமிழில் வாசிக்கும்போது உதவும்.

ஒரே புத்தகத்தைப் பிள்ளை ஐந்தாம் முறை எடுத்தால் "அதான் படிச்சிட்டியே" என்று பிடுங்காதீர்கள். எத்தனை நூல் என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதும் பழக்கம் நம் பள்ளிகளில் வேரூன்றிவிட்டதால் மறுவாசிப்பு நமக்கு வீண் வேலையாகத் தெரிகிறது. எழுத்துக்கூட்டலில் சிக்கல் உள்ள பிள்ளைக்கு ஐந்தாம் வாசிப்புதான் சொல் கண்ணில் பதியும் வாசிப்பு.

விடுமுறையின் கடைசி வாரத்தில், தொடக்கத்தில் செய்ததுபோல் இரண்டு புதுப் பக்கங்களை எடுத்து மறுபடி பாருங்கள். கேட்டுச் சொல்வது கூடியிருக்கிறதா, வாசித்துச் சொல்வது கூடியிருக்கிறதா என்று தனித்தனியே கவனியுங்கள். தினமும் ஒருவர் உடன் உட்கார்ந்தும் எழுத்துக்கூட்டல் அசையவே இல்லை என்றால், முதலில் கண் பரிசோதனை. பிறகு டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் பள்ளியைக் கேளுங்கள். எந்த எழுத்துகளில் நின்றாள், ஒகரக் குறியிலா, மெய்கள் அடுத்தடுத்து வரும் மெய்ம்மயக்கத்திலா, நீண்ட சொல்லிலா என்று ஒரு தாளில் குறித்து வைத்திருங்கள். பள்ளி திறக்கும் வாரத்திலேயே அந்தத் தாளைக் குறைநீக்கல் ஆசிரியரிடம் கொடுத்தால், அவர் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிராது.